17-வது பிறந்தநாளும் சிறார் நீதிமன்றமும்: வாசகர் கேள்விகள்

சிறார் நீதிமன்றத்தின் வயது வரம்பையும் சிறாரைக் காவலில் வைக்கும் விதிகளையும் அமெரிக்க மாநிலங்கள் மாற்றிவருவது குறித்து, பள்ளி வயதுப் பிள்ளைகளை உடைய வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து இங்கே பதில் தருகிறேன். பெயர் வேண்டாம் என்று பெரும்பாலோர் கேட்டுக்கொண்டதால் ஊர்ப் பெயர் மட்டும் இடம்பெறுகிறது.

கேள்வி: என் மகனுக்குச் சென்ற மாதம்தான் 17 வயது நிறைந்தது. அவனோடு படிக்கும் ஒரு பையனிடம் கஞ்சா எண்ணெய் நிரப்பிய வேப் பேனா இருந்தது என்று பள்ளியிலேயே போலீசார் கைது செய்து, கவுண்ட்டி (மாவட்டம் போன்ற உள்ளூர் நிர்வாகப் பிரிவு) சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். 18 வயது ஆகாத பிள்ளையைப் பெரியவர்களுக்கான சிறைக்கு எப்படி அனுப்ப முடியும்? அங்கே என்ன நடக்கும்? (ஒரு தாய், டல்லாஸ்)

டெக்சஸில் முடியும் என்பதுதான் வருத்தத்துக்குரிய பதில். அந்த மாநிலத்தில் 10 வயது நிறைந்து 17 வயது நிறையாதவர்கள் மட்டுமே சிறார் நீதிமன்றத்தின் வரம்புக்குள் வருவார்கள். 17-வது பிறந்தநாளிலிருந்து செய்யும் எந்தக் குற்றத்துக்கும், அது கடையில் ஒரு பொருளை எடுத்ததாக இருந்தாலும், பெரியவர்களுக்கான நீதிமன்றத்தில்தான் வழக்கு நடக்கும். கைதான நாளை வைத்து இது தீர்மானிக்கப்படுவதில்லை. குற்றம் நடந்த நாளில் வயது என்ன என்பதே கணக்கு. பிறந்தநாளுக்கு முந்தைய வாரம் செய்ததற்குச் சிறார் நீதிமன்றம், அடுத்த வாரம் செய்ததற்குக் குற்றவியல் நீதிமன்றம் என்று ஒரே பிள்ளையின் வாழ்வு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது.

வேப் பேனா விஷயத்தைப் பெற்றோர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். கஞ்சா இலையைச் சிறிதளவு வைத்திருப்பது டெக்சஸில் சிறு குற்றம். ஆனால் கஞ்சாவிலிருந்து பிரித்தெடுத்த எண்ணெய், ஒரு கிராமுக்கும் குறைவாக இருந்தாலும், ஃபெலனி எனப்படும் பெருங்குற்றம். 180 நாள் முதல் 2 ஆண்டு வரை சிறையும் 10,000 டாலர் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு. பள்ளிக் கழிவறையில் கைமாறும் ஒரு பேனாவுக்கு இவ்வளவு கனம் உண்டு என்பது பல வீடுகளில் யாருக்கும் தெரிவதில்லை. பிள்ளைக்கு 17 வயது நெருங்கும்போது, வாகனம் ஓட்டக் கற்றுக்கொடுப்பதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

சிறையில் என்ன நடக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள். சிறைகளில் பாலியல் வன்முறையைத் தடுக்க 2003-இல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டத்தின் கீழ் 2012-இல் வெளியான விதிகள், 18 வயதுக்கு உட்பட்டவர்களைப் பெரிய கைதிகளோடு ஒரே இடத்தில் தங்கவைக்கக் கூடாது என்கின்றன. நல்ல விதிதான். ஆனால் சிறிய கவுண்ட்டிகளில் தனிப் பிரிவு ஒதுக்க இடம் இருப்பதில்லை. அங்கே பிரித்துவைப்பது என்பது நடைமுறையில் அந்தப் பிள்ளையைத் தனியறையில் அடைத்துவைப்பதாக முடிந்துவிடுகிறது. இன்னொரு வேறுபாடும் உண்டு. சிறார் நீதிமன்றத்தில் பெற்றோரை அழைத்து, உட்காரவைத்து, அவர்களையும் வழக்கின் ஒரு தரப்பாக நடத்துவார்கள். பெரியவர்களுக்கான நீதிமன்றத்தில் நீங்கள் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பார்வையாளர்தான்.

கேள்வி: வட கரோலினாவில் 16, 17 வயதினரையும் இப்போது சிறார் நீதிமன்றத்தில்தான் விசாரிக்கிறார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள் என்கிறார் இன்னொருவர். எது சரி? (ஒரு தந்தை, சார்லட்)

இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. 16 வயதினர் அனைவரையும் தானாகவே பெரியவர்களாக நடத்திய கடைசி மாநிலம் வட கரோலினாதான். 2017-இல் இயற்றிய சட்டம் அதை மாற்றியது. 2019 டிசம்பர் 1 முதல் 16, 17 வயதினரின் பெரும்பாலான வழக்குகள் சிறார் நீதிமன்றத்தில் தொடங்கின. கொடிய குற்றங்கள் மட்டும் அங்கே தொடங்கி, பிறகு பெரியவர்களின் குற்ற வழக்குகளை விசாரிக்கும் மேல் நீதிமன்றத்துக்கு (சுப்பீரியர் கோர்ட்) மாற்றப்பட்டன. 2024-இல் ஆளுநரின் மறுப்பையும் மீறிச் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம், இந்த இரண்டாம் பகுதியைத்தான் மாற்றியது. 2024 டிசம்பர் 1 முதல் நடக்கும் குற்றங்களில், மிகக் கடுமையானவை என்று வகுக்கப்பட்டுள்ள 'ஏ' முதல் 'இ' வரையிலான ஐந்து பிரிவுப் பெருங்குற்றங்களில் 16, 17 வயதினர் மீதான வழக்கு, தொடக்கத்திலிருந்தே மேல் நீதிமன்றத்தில் நடக்கும். மற்ற பெருங்குற்றங்களும் சிறு குற்றங்களும் சிறார் நீதிமன்றத்திலேயே தொடங்குகின்றன. வாகனப் போக்குவரத்துக் குற்றங்கள் மட்டும் முன்பைப்போலவே வெளியே நிற்கின்றன. ஆகவே சட்டம் திரும்பப் பெறப்படவில்லை. அதன் ஒரு பகுதி சுருக்கப்பட்டிருக்கிறது.

முழுவதையும் திரும்பப் பெற்ற மாநிலம் லூசியானா. 17 வயதினரைச் சிறார் நீதிமன்றத்துக்குள் கொண்டுவரும் சட்டத்தை 2016-இல் இயற்றி, 2019-லும் 2020-லும் இரண்டு கட்டமாக நடைமுறைப்படுத்திய அந்த மாநிலம், 2024 தொடக்கத்தில் கூட்டிய சிறப்புக் கூட்டத்தொடரில் அதை ரத்து செய்தது. அந்த ஏப்ரல் 19 முதல் அங்கே 17 வயதினர் மீண்டும் பெரியவர்கள். டெக்சஸ், ஜார்ஜியா, விஸ்கான்சின் ஆகிய மூன்றும் வயதை உயர்த்தாமலே நின்றுவிட்ட மாநிலங்கள். கைக்கு வந்ததைத் திருப்பிக் கொடுத்த மாநிலம் லூசியானா.

இதைப் பற்றி என் கருத்தை மறைக்க விரும்பவில்லை. 2020-க்குப் பிறகு நகரங்களில் கொலைகளும் கார் பறிப்புகளும் கூடியபோது மக்கள் அஞ்சியது இயல்பு. பறிகொடுத்த குடும்பங்களின் துயரத்துக்கு யாரும் குறைமதிப்பு சொல்ல முடியாது. ஆனால் கொலை போன்ற குற்றங்களில் 15 வயதினரைக்கூடப் பெரியவர்களுக்கான நீதிமன்றத்துக்கு அனுப்பும் விதி லூசியானாவில் ஏற்கெனவே இருந்தது. அப்படியானால் 2024-இல் செய்த மாற்றத்தால் புதிதாகச் சிக்குபவர்கள் யார்? கடையில் திருடியவர்களும், சண்டை போட்டவர்களும், கஞ்சாவோடு பிடிபட்டவர்களுமான 17 வயதினர்தான். கொலைக்கு அஞ்சிக் கொண்டுவந்த சட்டம், கொலை செய்யாதவர்கள் மீதே பெரும்பாலும் விழுகிறது.

எதிர்த்திசையில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். கனெக்டிகட் 2007-இல் சட்டம் இயற்றி, 16 வயதினரை 2010-லும் 17 வயதினரை 2012-லும் சிறார் நீதிமன்றத்துக்குள் கொண்டுவந்தது. நீதிமன்றங்கள் தாங்காது, செலவு கட்டுக்கடங்காது என்று அப்போது எச்சரித்தார்கள். அந்த வெள்ளம் வரவே இல்லை. அதன்பின் இல்லினாய், மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர், தென் கரோலினா, நியூ யார்க், மிசூரி, மிஷிகன் என்று ஒன்றன்பின் ஒன்றாக மாநிலங்கள் மாறின. நியூ யார்க்கில் 16 வயதினருக்கு 2018 அக்டோபரிலும், 17 வயதினருக்கு 2019 அக்டோபரிலும் மாற்றம் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின்னணியாக நின்றது கலீஃப் பிரவுடரின் கதை. ஒரு முதுகுப்பையைத் திருடினார் என்ற குற்றச்சாட்டில் 16 வயதில் கைதாகி, 3,000 டாலர் ஜாமீன் கட்ட வழியில்லாமல் ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள், அதில் பெரும்பகுதி தனியறையில் இருந்தார். வழக்கு விசாரணைக்கே வரவில்லை, கைவிடப்பட்டது. 2013-இல் வெளியே வந்தவர், 2015-இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

கேள்வி: சிறார் நீதிமன்றம் என்பதே எப்போது, எதற்காகத் தொடங்கியது? பிள்ளைகளின் நன்மைக்காகத் தொடங்கியது என்றால், அங்கே வழக்கறிஞர் எதற்கு? (ஒரு கல்லூரி மாணவி, ஆன் ஆர்பர்)

முதல் சிறார் நீதிமன்றம் 1899-இல் சிகாகோ நகரம் அமைந்த குக் கவுண்ட்டியில் தொடங்கியது. தவறு செய்த பிள்ளையை அரசே பெற்றோரைப்போல் இருந்து திருத்த வேண்டும் என்பது அதன் எண்ணம். தண்டனை இல்லை, திருத்தம் மட்டுமே என்பதால் வழக்கறிஞரோ சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்வதோ தேவையில்லை என்று கருதினார்கள். உங்கள் கேள்வியில் இருப்பதும் அதே நியாயம்தான். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கு ஜெரால்டு கால்ட் வழக்கே சான்று.

1964 ஜூன் மாதம், அரிசோனாவில், பக்கத்து வீட்டுப் பெண்மணிக்குத் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசினார் என்ற புகாரில் 15 வயது ஜெரால்டைப் பிடித்துச் சென்றார்கள். பெற்றோர் இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். பிள்ளையைக் கொண்டுபோகிறோம் என்று ஒரு சீட்டுகூட வீட்டில் வைக்கப்படவில்லை. மறுநாளே நீதிபதியின் முன் விசாரணை. புகார் கொடுத்தவர் வரவே இல்லை. வழக்கறிஞர் இல்லை. யார் என்ன சொன்னார்கள் என்பதற்கு எழுத்துப் பதிவும் இல்லை. ஒரு வாரத்துக்குள், 21 வயது வரை அரசின் சீர்திருத்தப் பள்ளியில் வைக்க உத்தரவாயிற்று. அதே குற்றத்தைப் பெரியவர் ஒருவர் செய்திருந்தால், அதிகபட்சம் 50 டாலர் அபராதம் அல்லது இரண்டு மாதச் சிறை.

1967 மே 15-இல் உச்ச நீதிமன்றம் இந்த உத்தரவை ஏற்க மறுத்து, குற்றச்சாட்டை முன்கூட்டி அறியும் உரிமை, வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை, சாட்சியை எதிர்கொள்ளும் உரிமை, தனக்கு எதிராகத் தானே பேசாதிருக்கும் உரிமை ஆகியவை சிறாருக்கும் உண்டு என்றது. அடைத்துவைக்கும் இடத்துக்குப் பள்ளி என்று பெயர் சூட்டினாலும் பிள்ளை இழப்பது தன் சுதந்திரத்தைத்தான். அதனால்தான் வழக்கறிஞர் வேண்டும். ஜூரி மட்டும் சிறாருக்கு அரசியலமைப்பு தரும் உரிமை இல்லை என்று 1971-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1990-களில் காற்று மாறியது. இரக்கமே அறியாத இளைஞர் கூட்டம் ஒன்று உருவாகிறது என்ற பேச்சு பரவ, ஏறத்தாழ எல்லா மாநிலங்களும் பிள்ளைகளைப் பெரியவர்களுக்கான நீதிமன்றத்துக்கு மாற்றும் விதிகளை எளிதாக்கின. ஜார்ஜியா 1994-இல் இயற்றிய சட்டப்படி, குறிப்பிட்ட ஏழு குற்றங்களில் 13 வயதுப் பிள்ளைகூட நேராக மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியதாயிற்று. சொல்லப்பட்ட கூட்டம் வரவில்லை; சிறார் குற்றங்கள் குறைந்தன. ஆனால் சட்டங்கள் நின்றுவிட்டன. 18 வயதுக்குக் கீழ் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தபோதும், பரோல் இல்லாத ஆயுள் தண்டனையைக் கட்டாயமாக்கக் கூடாது என்று 2012-இல் கூறியபோதும், முன்யோசனையும் தன்னடக்கமும் முதிராத வயது என்ற உண்மையே அடிப்படையாக இருந்தது.

கேள்வி: மிகக் குறைந்த வயது எது? ஆறு வயதுக் குழந்தையையும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியுமா? (ஒரு பாட்டி, பால்டிமோர்)

வட கரோலினாவில் 2021 வரை குறைந்தபட்ச வயது ஆறாகவே இருந்தது. பிறகு அதைப் பொதுவாக 10 ஆக உயர்த்தினார்கள். குறைந்தபட்ச வயதே எழுதப்படாத மாநிலங்கள் இன்றும் பல. மாசசூசெட்ஸ் 2018-இல் 12 என்று நிர்ணயித்தது. நியூ யார்க் 7-இலிருந்து 12-க்கு 2022 இறுதியில் உயர்த்தியது. நீங்கள் வாழும் மேரிலாந்தில் 2022-இல் கடுங்குற்றங்கள் தவிர மற்றவற்றுக்கு 13 என்று வைத்தார்கள். 2024-இல், துப்பாக்கி தொடர்பான குற்றங்கள் உட்படச் சிலவற்றை 10 முதல் 12 வயதினருக்கும் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

கேள்வி: எங்கள் மகனைப் பள்ளியில் வைத்து போலீசார் விசாரித்தார்கள். "உண்மையைச் சொல்லிவிட்டால் வீட்டுக்குப் போகலாம்" என்றதும் அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். நாங்கள் கிரீன் கார்டுக்குக் காத்திருக்கிறோம். இதனால் பாதிப்பு வருமா? (ஒரு தந்தை, எடிசன், நியூ ஜெர்சி)

பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும், எதிர்த்துப் பேசக் கூடாது என்றுதான் நாம் பிள்ளைகளை வளர்க்கிறோம். அந்த வளர்ப்பு காவல்துறை விசாரணையில் பிள்ளைக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. மரியாதையாக நடந்துகொள்வதும் பேசாமல் இருப்பதும் ஒன்றோடொன்று முரண்படாதவை என்பதை வீட்டிலேயே சொல்லிப் பழக்க வேண்டும். "என் பெற்றோரும் வழக்கறிஞரும் வராமல் நான் பதில் சொல்ல விரும்பவில்லை" என்ற ஒரு வாக்கியம் போதும். அதைச் சொன்னபின் வேறு பேச்சு வேண்டாம். பெயரையும் பெற்றோரின் தொலைபேசி எண்ணையும் சொல்லலாம்.

வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில் ஏழாம் வகுப்புப் படித்த 13 வயதுச் சிறுவன் ஒருவனைச் சீருடை அணிந்த காவலர் வகுப்பிலிருந்து அழைத்துச்சென்று, கதவு மூடிய அறையில் அரை மணி நேரத்துக்கும் மேல் விசாரித்தார்கள். பேசாதிருக்கும் உரிமை அவனுக்குச் சொல்லப்படவில்லை. வளர்த்த பாட்டியைக் கூப்பிடவும் வாய்ப்பு தரப்படவில்லை. அவன் ஒப்புக்கொண்டான். அந்த அறையிலிருந்து தான் எழுந்து போகலாம் என்று ஒரு சிறுவன் நினைத்திருப்பானா என்று பார்க்கும்போது அவனுடைய வயதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. பொய் சொல்லிச் சிறாரிடம் ஒப்புதல் வாங்குவதை 2021-இல் முதன்முதலாகத் தடைசெய்த மாநிலங்கள் இல்லினாயும் ஆரெகனும். கலிஃபோர்னியாவில் காவலில் உள்ள 18 வயதுக்கு உட்பட்டவரை, வழக்கறிஞரோடு பேசவைத்த பிறகே விசாரிக்க வேண்டும். உங்கள் மகன் சொன்னதை நீதிமன்றம் ஏற்கக் கூடாது என்று வாதிட இடம் இருக்கலாம். சிறார் வழக்குகளில் பழகிய வழக்கறிஞரிடம், அறையில் யார் யார் இருந்தார்கள், கதவு மூடியிருந்ததா, என்ன சொன்னார்கள் என்பதையெல்லாம் நினைவு மங்குவதற்குள் எழுதிக் கொடுங்கள்.

குடியேற்ற விஷயத்தில், எந்த நீதிமன்றம் என்பது மிகப் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. சிறார் நீதிமன்றத்தின் முடிவு, குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் குற்றத் தண்டனை ஆகாது என்பது குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் 2000-இல் உறுதிசெய்த நிலை. நியூ ஜெர்சியில் வயது வரம்பு 18 என்பதால், வழக்கு சிறார் நீதிமன்றத்திலேயே முடிந்தால் அந்தப் பாதுகாப்பு உங்கள் மகனுக்கு உண்டு. ஆனாலும் விண்ணப்பப் படிவம் எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா என்று கேட்கும். முத்திரையிட்டு மூடப்பட்ட பதிவானாலும் மறைக்காமல் பதில் எழுத வேண்டும். போதைப்பொருள் தொடர்புடைய விஷயமானால், தண்டனை இல்லாவிட்டாலும் சிக்கல் வரக்கூடும்.

மேலே கேள்வி கேட்ட டல்லாஸ் தாயும் இந்தப் பகுதியைப் படிக்க வேண்டும். அங்கே 17 வயதில் கிடைப்பது முழுமையான குற்றத் தண்டனை. குற்றத்தை ஒப்புக்கொண்டு, நன்னடத்தைக் காலத்தை முடித்தால் தண்டனைப் பதிவு இல்லாமல் வழக்கை முடித்துவிடலாம் என்ற ஏற்பாடு டெக்சஸில் வழக்கமாக முன்வைக்கப்படும். மாநிலச் சட்டப்படி அது தண்டனை ஆகாது. குடியேற்றச் சட்டப்படி அது தண்டனைதான். குடியுரிமை இல்லாத குடும்பம் இதை அறியாமல் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. நாடு கடத்தப்படும் ஆபத்து இருந்தால் அதைச் சொல்ல வேண்டியது வழக்கறிஞரின் கடமை என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே உங்கள் விசா நிலையைச் சொல்லுங்கள்.

கேள்வி: சிறார் காவல் இல்லத்தில் எத்தனை நாள் வைப்பார்கள்? உள்ளே பாதுகாப்பு உண்டா? (ஒரு தாய், ஹூஸ்டன்)

டெக்சஸில் 17 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைக் காவலில் வைத்தால், இரண்டாவது வேலைநாளுக்குள் நீதிபதியின் முன் நிறுத்த வேண்டும். வெள்ளி, சனிக்கிழமைகளில் பிடித்தால் அடுத்த முதல் வேலைநாள். தொடர்ந்து வைக்க நீதிபதி உத்தரவிட்டாலும் அது பொதுவாக 10 வேலைநாளுக்கே செல்லும். அதன்பின் மறுபடி விசாரித்தே நீட்டிக்க முடியும். ஜாமீன் தொகை கட்டி அழைத்துவரும் முறை சிறாருக்கு இல்லை. அதனால் அந்த முதல் விசாரணைதான் முக்கியம்: வீட்டில் பிள்ளையைக் கண்காணிக்க யார் இருக்கிறார்கள், பள்ளிக்கு யார் கொண்டுபோய் விடுவார்கள் என்று நீதிபதி கேட்பதற்குத் தெளிவான பதில் உங்களிடம் இருக்க வேண்டும். வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு பெற்றோர் இருவருமே போவது நல்லது.

பாதுகாப்பைப் பற்றி உங்களுக்கு ஆறுதலாக ஏதும் எழுத எனக்கு மனம் வரவில்லை. தண்டனைக் காலத்தைக் கழிக்கும் டெக்சஸ் அரசின் ஐந்து இல்லங்களிலும் அரசியலமைப்புக்கு முரணான நிலைமை நிலவுவதாக, அளவு மீறிய பலப்பிரயோகத்தையும் பாலியல் கொடுமையையும் நீண்ட தனிமையையும் சுட்டிக்காட்டி, மத்திய நீதித்துறை 2024 ஆகஸ்டில் அறிக்கை வெளியிட்டது. லூசியானா 2022 அக்டோபரில், மரண தண்டனைக் கைதிகள் முன்பு இருந்த அங்கோலா சிறைக் கட்டடத்துக்குச் சிறாரை மாற்றியது. அவர்களை வெளியேற்றும்படி மத்திய நீதிபதி ஷெல்லி டிக் 2023 செப்டம்பரில் உத்தரவிட வேண்டியிருந்தது. கலிஃபோர்னியா தன் மாநில அளவிலான சிறார் சிறைகளை 2023 ஜூன் 30-இல் மூடியது. நல்ல முடிவு, ஆனால் பிள்ளைகளைப் பெற்றுக்கொண்ட கவுண்ட்டிகள் ஆயத்தமாக இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்ட்டி அவசரமாகத் திறந்த இல்லத்தை, சிறார் தங்கத் தகுதியற்றது என்று மாநில வாரியமே 2024-இல் அறிவித்தது.

வேறு வழி இல்லாமல் இல்லை. மிசூரி 1983-இல் பூன்வில் நகரிலிருந்த தன் பெரிய சீர்திருத்தப் பள்ளியை மூடிவிட்டு, வீட்டுக்கு அருகிலேயே சிறு குழுக்களாகப் பிள்ளைகள் தங்கும் இல்லங்களை அமைத்தது. பிற மாநிலங்கள் இன்றும் போய்ப் பார்த்துவரும் முறை அது. நாடு முழுவதும் ஒரு நாளில் காவலில் இருந்த சிறாரின் எண்ணிக்கை 2000-இல் ஒரு லட்சத்துக்கும் மேல். 2020-இல் சுமார் 25,000. இந்தக் குறைவின் பெரும்பகுதி நடந்த ஆண்டுகளில் சிறார் குற்றமும் குறைந்தே வந்தது. அதற்குப் பின் எண்ணிக்கை சற்று ஏறியிருக்கிறது.

கேள்வி: டெக்சஸில் வயதை உயர்த்த வழியே இல்லையா? நாங்கள் குடிமக்கள் அல்ல. எங்களால் என்ன செய்ய முடியும்? (ஒரு வாசகர், ஆஸ்டின்)

வயதை 18 ஆக்கும் மசோதா 2017-இல் கீழவையில் நிறைவேறியது; மேலவையில் நின்றுபோனது. டெக்சஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் ஜனவரியில் கூடி, 140 நாள் நடக்கும். அந்த நாட்களில் இத்தகைய மசோதா குழுவின் முன் வரும்போது, பொதுமக்கள் பெயர் பதிந்துகொண்டு நேரில் கருத்துச் சொல்லலாம். வாக்களிக்கத்தான் குடியுரிமை வேண்டும்; குழுவின் முன் பேசுவதற்கு அது தேவையில்லை. 17 வயதுப் பிள்ளை உள்ள பெற்றோர் ஒருவர் எழுந்து நின்று பேசுவதை உறுப்பினர்கள் கவனித்துக் கேட்பார்கள். விசா நிலை குறித்துத் தயக்கம் இருப்பவர்கள், தங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதலாம்.